நுண்செயலிக்கு மின்சாரம் ஊட்டும் கன்வெர்ட்டர்: உரிமம் பற்றிக் கேட்டவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நம்மவர்கள் கேட்டவற்றுக்கு, பவர் எலக்ட்ரானிக்ஸ் துறையில் இருப்பவள் என்ற முறையில் பதில் தருகிறேன்.

சாட்ஸ்வர்த் மாணவர்: அக்கா, கணினியின் நுண்செயலிக்கென்று தனியாகக் கன்வெர்ட்டர் எதற்கு?

பழைய மதர்போர்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், தம்பி. செயலியை ஒட்டிச் சாம்பல் நிறக் கட்டிகள் வரிசையாக நிற்கும். அவை மின்தூண்டிகள், அதாவது கம்பிச் சுருள்கள். 12 வோல்ட்டை ஏறக்குறைய 1 வோல்ட்டுக்கு இறக்குவதுதான் கன்வெர்ட்டரின் வேலை, அதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 200 வாட் கேட்கும் செயலிக்கு 1 வோல்ட்டில் 200 ஆம்பியர் பாய வேண்டும். வழியில் ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 40 வாட் வெறும் சூடாகப் போய்விடும். செயலிக்கு எவ்வளவு அருகில் மாற்றுகிறோமோ அவ்வளவு மிச்சம். 2013இல் இன்டெல் தன் ஹாஸ்வெல் செயலிகளில் இந்த வேலையின் ஒரு பகுதியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுபோனது அதனால்தான்.

ஃபீனிக்ஸ் கடைக்காரர்: 12க்குப் பதில் 48 வோல்ட் என்கிறார்களே, எதற்கு?

அதே திறனுக்கு மின்னோட்டம் நான்கில் ஒன்றாகிறது, கம்பியில் இழப்பு பதினாறில் ஒன்றாகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் இளைஞர்: நண்பனும் நானும் புதிய சுற்று ஒன்றை வடிவமைத்திருக்கிறோம். பிரிட்டோரியாவிலுள்ள நம் நாட்டு அலுவலகத்தில் காப்புரிமை வாங்கினால் போதுமா?

போதாது, தம்பி. காப்புரிமை நாட்டு எல்லையைத் தாண்டாது. மதர்போர்டுகள் பெருமளவில் உருவாவது சீனாவிலும் தைவானிலும். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் காப்புரிமை கேட்க வழிசெய்யும் சர்வதேச ஒப்பந்தத்தில் (PCT) தைவான் இல்லை. முதல் விண்ணப்பம் போட்ட 12 மாதங்களுக்குள் அங்கே நேரடியாக விண்ணப்பியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விண்ணப்பிக்கும் முன் எந்தக் கண்காட்சியிலும் காட்டிவிடாதீர்கள், புதுமை போய்விடும்.

வெஸ்ட்வில் ஆய்வு மாணவி: அரசுப் பணத்தில் செய்த ஆய்வு என்றால்?

அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு பற்றிய நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு 51ஆம் எண் சட்டப்படி, உரிமை பொதுவாக ஆய்வை நடத்திய நிறுவனத்துக்கு. கண்டுபிடித்தவருக்கு வருவாயில் பங்கு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

டோங்காட் தொழில்முனைவோர்: ஒரு பெரிய கம்பெனி தங்களுக்கு மட்டும் உரிமம் வேண்டும் என்கிறது. தரலாமா?

அவசரப்படாதீர்கள், அண்ணா. சர்வர் செய்பவர்கள் ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பாகத்தை வாங்கத் தயங்குவார்கள். அந்த ஆலை நின்றால் அவர்கள் வேலையும் நின்றுவிடும். இரண்டாவது தயாரிப்பாளருக்கும் நீங்கள் உரிமம் தந்தால்தான் உங்கள் சுற்றுக்குச் சந்தை பிறக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு குழு ஒரே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தது. அந்த நிறுவனம் அதைத் தயாரிக்கவே இல்லை, இவர்களாலும் வேறு யாரிடமும் போக முடியவில்லை. அந்த வேதனையை நேரில் பார்த்ததால் சொல்கிறேன்: தந்தே ஆக வேண்டுமென்றால் சர்வருக்கு மட்டும், இத்தனை ஆண்டுக்கு மட்டும் என்று வரம்பு கட்டுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு ராயல்டி (உரிமத்துக்கான தொகை), அது வராவிட்டால் உரிமம் உங்களிடமே திரும்பும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.