ஹெர்2 பாசிட்டிவ் என்றால் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

அம்மாவின் மார்பகப் புற்று பயாப்சி ரிப்போர்ட்டில் ஹெர்2 பாசிட்டிவ் என்று வந்திருப்பதாகவும், அது உங்களுக்கும் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பயம். ஹெர்2 ஒரு மரபணு; அதன் பிரதிகள் கூடிப்போகும் இந்த ஹெர்2 பெருக்கம் பரம்பரையாக வருவதில்லை. கட்டியின் செல்களில் மட்டும் பிற்பாடு உண்டானது. (பரம்பரையாக மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டக்கூடிய பிஆர்சிஏ மரபணு மாற்றங்களின் விஷயம் வேறு, அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.)

17ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவுக்குச் சாதாரண செல்லில் இரண்டு பிரதிகள்தான். மார்பகப் புற்றுகளில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தில் அது பல மடங்கு பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுக்க அது உண்டாக்கும் ஹெர்2 புரதம், அதாவது சிக்னல் வாங்கும் ஏற்பி, நெருக்கியடித்து நிற்கிறது. மற்ற ஏற்பிகள் வெளியிலிருந்து ஒரு தூதுப்பொருள் வந்து ஒட்டும்வரை காத்திருக்கும். ஹெர்2 அப்படியில்லை, எப்போதும் தயார் நிலைதான். பக்கத்தில் இன்னொரு ஹெர்2வோ அதே குடும்பத்து ஏற்பியான ஹெர்3யோ கிடைத்தால் ஜோடி சேர்ந்துவிடும். உடனே செல்லுக்குள் இருக்கும் வால்பகுதியில் பாஸ்பேட் ஏறும். பெருகு, சாகாதே என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்.

அந்த மிகுதிதான் மருந்துக்குப் பிடிமானமும். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற மருந்து, ஹெர்2வின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டு சிக்னலைக் குறைக்கிறது. நோயெதிர்ப்பு செல்களையும் வரவழைக்கிறது.

ரிப்போர்ட்டில் ஹெர்2 புரதத்தின் அளவைக் காட்டும் மதிப்பெண் 3+ என்றிருந்தால் பாசிட்டிவ்தான். 2+ என்றால் மட்டும் மரபணுப் பிரதிகளை எண்ணும் ஃபிஷ் போன்ற சோதனையின் முடிவைக் கேட்டு வாங்குங்கள்.