மும்பை ஃபிளாட்டில் பிளாஸ்டிக் ரயில் மாடல் செய்து டையோராமாவாக (சின்ன அளவில் செய்து நிறுத்திய காட்சியாக) வைக்க இடம் போதுமா? நாற்பது வயதில் இது தேவையா?

நீங்கள் கேட்டதில் இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. என்னைப் போலவே நீங்களும் ஒரு சின்ன வீட்டில், டிவிக்கு மேலே கொஞ்சம் இடத்தைக் குறிவைத்துக்கொண்டு, வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறவராக இருப்பீர்கள். தேவைதான். இரண்டடிக்கு ஓரடி பிளைவுட் பலகை போதும்.

நான் செம்பூரில் இருக்கிறேன். அப்பா பரேல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், திருநெல்வேலிக்காரர். நான் முதலில் வாங்கியது டபோல் கம்பெனியின் 'ஈவ்னிங் ஸ்டார்' கிட், அதாவது நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள். 1:76 அளவு, நிஜ எஞ்சினில் எழுபத்தாறில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின் அது. 1960இல் இங்கிலாந்தின் ஸ்விண்டனில் கட்டினார்கள். கிட்டில் மோட்டார் கிடையாது. நிறுத்தி வைத்துப் பார்க்கத்தான். "ஓடாத ரயிலுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. வீட்டில் மாட்டியிருக்கும் படம் ஓடுகிறதா என்ன?

இரண்டு மாதம், தினமும் ராத்திரி ஒரு மணி நேரம். மாடல் சிமெண்ட் பிளாஸ்டிக்கை லேசாக உருக்கி ஒட்டும், அதனால் தூரிகை நுனியில் தொட்டு வைத்தால் போதும். பச்சை பெயிண்ட் அடித்து முடித்து, ஜூலை மாதம் மழை கொட்டும் ஒரு சாயங்காலம் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) ஸ்ப்ரே அடித்தேன். அரை மணி நேரத்தில் எஞ்சின் முழுக்க விபூதி பூசியது போல வெளுத்துவிட்டது. ஸ்ப்ரே காயும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது எனக்கு அப்போது தெரியாது. அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை.

அதுவரை இதில் தலையிடாத அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எஞ்சினைக் கையில் எடுத்தார். "ஷெட்டுல நிக்கிற எஞ்சின் எப்பல பளபளன்னு இருந்துச்சு?" என்றார். பாய்லர் மேல் கரி எங்கே படியும், சேஃப்டி வால்வ் பக்கம் உப்புத்தண்ணீர் வழிந்து வெள்ளைக் கோடு எப்படி விழும், சக்கரங்களை இணைக்கும் ராடுகளில் எண்ணெய்க் கருப்பு எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கருப்புச் சாக்பீஸைப் பொடித்து, அவர் சொன்ன இடத்திலெல்லாம் தேய்த்தேன். வெளுத்த பகுதியில் பாதி அப்படியே உப்புக்கறையாக நின்றது.

அப்புறம் எஞ்சின் நிற்கும் ஷெட்டின் முற்றம். இஸ்திரிக் கடையில் கரி வாங்கி உடைத்துக் குவித்தேன். "ஏலே, இம்புட்டு பெரிய கரிய ஃபயர்மேன் எப்படில அள்ளுவான்?" என்றார் அப்பா. கணக்குப் போட்டால் அவர் சொன்னது சரி. பத்து சென்டிமீட்டர் கரிக்கட்டி 1:76இல் சுமார் 1.3 மில்லிமீட்டர்தான். டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு ஒட்டினேன். பார்க்கிறவர்கள் எஞ்சினை விட அந்தக் கரிக்குவியலைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

"தண்டவாள அகலம் தப்பு" என்று யாராவது கமெண்ட் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 1:76 கணக்கில் பிரிட்டிஷ் ரயில்வேயின் 1,435 மிமீ பாதை கிட்டத்தட்ட 19 மிமீ வர வேண்டும், நான் வைத்திருப்பது 16.5. இங்கிலாந்திலேயே பெரும்பாலானவர்கள் இந்த அளவு எஞ்சின்களை 16.5 பாதையில்தான் நிறுத்துகிறார்கள். எனக்கும் அது போதும்.

பின்னணிக்கு வரைந்து சுவரில் ஒட்டிய வானம் மட்டும் சுவர் ஊறிப் போய்விட்டது. காரணம் எங்கள் சொசைட்டி, அதாவது ஃபிளாட்காரர்கள் சங்கம். மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்யச் சொல்லி மூன்று வருடமாக லெட்டர் கொடுக்கிறேன்.

உங்களுக்குச் சொல்வது: சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஸ்ப்ரே வேலையெல்லாம் தீபாவளிக்கு அப்புறம். தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் படவே கூடாது, கரைந்து குழியாகிவிடும். கிட் வாங்கும்போதே ஒரு அக்ரிலிக் மூடிக்கும் பணம் ஒதுக்கிவையுங்கள். இந்த ஊர்த் தூசியைத் துணியால் துடைக்கப் போனால் முதலில் ஒடிவது கைப்பிடிக் கம்பிகள்தான்.