ஃபுட்லைட்ஸ் மேடையில் பெண்கள் எங்கே?

கேள்வி: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் ‘ஃபுட்லைட்ஸ்’ நகைச்சுவைக் குழுவிலிருந்து பீட்டர் குக், ஜான் கிளீஸ், எரிக் ஐடில் என்று மேதைகள் வரிசையாக வந்தார்கள். ஒரே வளாகத்தில் இத்தனை பேர் எப்படி? பட்டியலில் பெண்களே இல்லையே, நகைச்சுவை ஆண்களின் சொத்து என்பது இதிலிருந்து தெரியவில்லையா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: தெரியவில்லை. நீங்கள் சொன்ன மூவரும் அந்தக் குழுவில் சேர்ந்தபோது பெண்கள் அதில் உறுப்பினராக முடியாது. விதியே அப்படி. உள்ளே விடாமல் தடுத்துவிட்டு, பட்டியலில் பெயர் இல்லை பாருங்கள் என்பது எந்த ஊர் நியாயம்?

குழு தொடங்கியது 1883-ல். கேம்பிரிட்ஜில் அப்போதே பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். கர்ட்டன், நியூனம் ஆகிய பெண்கள் கல்லூரிகள் 1869, 1871 ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. ஆனால் பல்கலைக்கழகம் அவர்களை முழு உறுப்பினர்களாக ஏற்றுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தான். படிப்பை முடித்தவர்களுக்குப் பட்டம் தரவே அவ்வளவு தயங்கிய இடத்தில், கேலி செய்யும் மேடையை மட்டும் யாராவது தட்டில் வைத்து நீட்டியிருப்பார்களா?

பெண் பாத்திரங்கள் மட்டும் தேவைப்பட்டன. அவற்றை மாணவர்களே, நம் பழைய நாடகக் கம்பெனிகளின் ஸ்திரீபார்ட்டுகளைப் போல, புடவைக்குப் பதில் கவுன் கட்டி நடித்தார்கள். அந்தக் கவுன்களில் ஒரு நல்ல கதையும் உண்டு. 1920களின் தொடக்கத்தில் இந்தக் குழுவில் நடித்துக்கொண்டே ஆடைகளையும் வடிவமைத்த நார்மன் ஹார்ட்னல், பின்னாளில் இரண்டாம் எலிசபெத்தின் திருமண உடையையும் 1953 முடிசூட்டு உடையையும் தைத்துக்கொடுத்தவர். மாணவர் மேடையில் எதெல்லாம் விளையும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். 1932-ல் ஒருமுறை உண்மையான பெண்களையே மேடையேற்றிப் பார்த்தார்கள். மறு ஆண்டு நிகழ்ச்சிக்கு வைத்த தலைப்பு ‘இனிப் பெண்கள் இல்லை’.

இத்தனை பேர் எப்படி என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. அங்கே நகைச்சுவைக்கு வகுப்பும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. கிளீஸ் படித்தது சட்டம், கிரஹாம் சாப்மனும் ஜோனதன் மில்லரும் மருத்துவம். இருந்தது ஒரு பழக்கம்தான். பருவத்துக்குச் சில முறை ‘ஸ்மோக்கர்’ என்ற சிறு நிகழ்ச்சி நடக்கும். இரண்டு, மூன்று நிமிடக் காட்சியையோ பாட்டையோ நீங்களே எழுதி, நீங்களே சக மாணவர்கள் முன்னால் நடித்துக் காட்ட வேண்டும். சிரித்தால் வைத்துக்கொள்ளலாம், சிரிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்கு வேறொன்று எழுதலாம். தோற்றவனை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. தேறியவை ஆண்டு இறுதி ரெவ்யூவுக்குப் போகும். காட்சிகளையும் பாட்டுகளையும் கோத்த அந்த முழுநீள நிகழ்ச்சியை ‘மே வாரம்’ என்ற பெயரில் ஜூன் மாதத்தில் கொண்டாடும் விழாவில் நடத்துவார்கள். பிறகு கோடையில் எடின்பரோ கலைவிழா. தானே எழுதித் தானே நடிக்கும் கலைஞர்கள் இந்தப் பட்டறையில்தான் தயாரானார்கள். தண்ணீரில் ஏதோ இருக்கிறது, ரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சையெல்லாம் விட்டுவிடுங்கள். மூன்று ஆண்டுகள் அடிக்கடி தோற்பதற்கு ஒருவருக்கு இடம் கிடைத்தால் அவர் தேறுவார்.

அந்த மேடையிலிருந்து வேலைக்கும் நேர்வழி இருந்தது. 1963 ரெவ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். கிளீஸ், டிம் புரூக்-டெய்லர், பில் ஆடி ஆகியோர் நடித்த அது ‘கேம்பிரிட்ஜ் சர்க்கஸ்’ என்ற பெயரில் லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டுக்குப் போனது. 1964-ல் நியூசிலாந்தைச் சுற்றிவிட்டு நியூயார்க்கின் பிராட்வேயையும் தொட்டது. அதை இயக்கிய ஹம்ஃப்ரி பார்க்ளேவும் அதில் நடித்த டேவிட் ஹாட்சும் பிபிசி வானொலியில் தயாரிப்பாளர்களானார்கள். கூடவே நடித்தவர்கள் பிபிசியின் நகைச்சுவை வானொலித் தொடர் ஒன்றில் இடம்பெற்றார்கள். வழக்கறிஞர் நிறுவனத்தில் சேரவிருந்த கிளீஸ் பிபிசிக்கு எழுதப் போனார். 1969-ல் கிளீஸ், சாப்மன், ஐடில் மூவரும் ‘மான்ட்டி பைத்தான்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவில் ஒன்றுசேர்ந்தார்கள். அந்த 1963 குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார், ஜோ கெண்டல். வானொலித் தொடரிலும் அவர்தான் ஒரே பெண். உறுப்பினராக முடியாதவர், விருந்தினராக அழைக்கப்பட்டதால் மட்டுமே அங்கே இருந்தார். ஆகவே, அந்தச் சங்கத்தின் வாசலில் நிறுத்தப்பட்ட பெண், பிபிசியின் வாசலிலும் சேர்த்தே நிறுத்தப்பட்டாள்.

விருந்தாளியாக வந்தவர்களின் நிலை என்ன? 1959 ரெவ்யூவில் நியூனம் கல்லூரியின் எலினார் பிரான் நடித்தார். பிறகு பிரிட்டிஷ் மேடையிலும் தொலைக்காட்சியிலும் அங்கத நகைச்சுவையின் முன்வரிசையில் நின்றார். 1962-ல் அதே கல்லூரியின் மிரியம் மார்கலீஸ். மேடையில் சிரிப்பை அள்ளிய தன்னிடம், மேடையை விட்டு இறங்கியதும் உடன் நடித்த ஆண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி அதைத் தாங்கிக்கொண்டு மறுநாள் மாலையும் மேடையேறினாள். நகைச்சுவை யாருடைய சொத்து என்று கேட்கும் முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

1964-ல் விதி மாறியது. அதற்காக முன்நின்றவர்களில் உங்கள் பட்டியலில் உள்ள எரிக் ஐடிலும் ஒருவர். அதற்காக அவரை மனமாரப் பாராட்டுகிறேன். முதலில் சேர்ந்த பெண்களில், பின்னாளில் பெண்ணிய எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜெர்மெய்ன் கிரீர் இருந்தார். ஆனாலும் ஒரே நாளில் எதுவும் நேராகிவிடவில்லை. அப்போது மாணவர்களில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் பெண்கள். ஆண்கள் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1972-ல்தான். எண்ணிக்கை ஏறியதும் மேடையும் மாறியது. 1979-ல் ஜான் ரேவன்ஸ் என்ற மாணவி முதல் பெண் தலைவரானார். 1980-ல் முழுக்கப் பெண்களே நடத்திய முதல் ரெவ்யூ வந்தது. எம்மா தாம்சன், சாண்டி டாக்ஸ்விக் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 1981-ல் எடின்பரோவில் முதன்முதலாக வழங்கப்பட்ட பெரியே நகைச்சுவை விருதை ஃபுட்லைட்ஸ் வென்றது. ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் நடித்த நிகழ்ச்சி என்று அதை எல்லோரும் சொல்வார்கள். அதை இயக்கியவர் ஜான் ரேவன்ஸ் என்பதை யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

பிறகு, பின்னாளில் தொலைக்காட்சியில் பெயர்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் சூ பெர்கின்ஸ் தலைவராக இருந்தார். 1990களில், ஆசிரியப் பயிற்சிக்காகக் கேம்பிரிட்ஜின் ஹோமர்டன் கல்லூரிக்கு வந்த ஒரு பெண் ஃபுட்லைட்ஸில் நடிகர் தேர்வுக்குப் போனார். அங்கே டேவிட் மிட்செல், ராபர்ட் வெப் இருவரையும் சந்தித்தார். அவர்களுடைய தொலைக்காட்சி நகைச்சுவைகளில் நடித்தார். 2019-ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைக் கையில் வாங்கினார். அவர் ஒலிவியா கோல்மன். 1962-ன் விதி நீடித்திருந்தால் அவர் அங்கே உறுப்பினராகியிருக்கவே முடியாது.