கிரானைட் மேடையில் சிவப்புப் புள்ளி: துருவா, கல்லா?

கேள்வி: சமையல் மேடைக்கு காஷ்மீர் ஒயிட் கிரானைட் போட்டோம். போட்ட பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளைக் கல் முழுக்க மிளகு அளவில் அரக்குச் சிவப்புப் புள்ளிகள். மாமியார் துரு என்கிறார், கடைக்காரர் "இந்தக் கல்லே இப்படித்தான்" என்று சாதிக்கிறார். மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம், இந்த விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரி. அவை கார்னெட். நவரத்தினத்தில் வரும் கோமேதகமும் இதே குடும்பம்தான், ஆனால் உங்கள் மேடையில் இருப்பதற்கு நகைக்கடையில் விலை கிடையாது.

பெயரில்தான் காஷ்மீர், கல் வெட்டுவது நம்ம மதுரைப் பக்கம். வியாபாரத்தில் கெட்டியான கல் எல்லாமே கிரானைட்தான், நிலவியல் படித்தவர்கள் இதை உருமாறிய பாறை என்பார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 800 டிகிரிக்கு மேல் வெந்த பாறை இது. அந்தச் சூட்டில் கருப்பு அப்பிரகம் (காக்காப்பொன் என்போமே, அதன் கருப்பு வகை) தன்னுள் இருக்கும் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் உடைந்துபோகும், அதிலிருந்த இரும்பும் மக்னீசியமும் அலுமினியம், சிலிக்காவோடு சேர்ந்து கார்னெட்டாக வளரும். ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள், சில புள்ளிகளைச் சுற்றி மட்டும் கல் இன்னும் வெளுப்பாக இருக்கும், பக்கத்தில் இருந்த கருப்பையெல்லாம் புள்ளி தின்றுவிட்டது.

துரு அப்படி இருக்காது. ஓரம் கலங்கி, மஞ்சளாகப் பரவி, கீறல் வழியே ஓடும். கார்னெட் விளிம்பு சுத்தமாக, மாதுளை முத்து மாதிரி உள்ளே லேசாக ஒளிரும். கத்தியால் கீறினாலும் கோடு விழாது, எஃகைவிட அது கெட்டி (உப்புத்தாளில் ஒட்டுகிற மணல்களில் இதுவும் ஒன்று).

ஆனால் கடைக்காரர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய விஷயம் ஒன்று உண்டு, கோபப்படுவதென்றால் அதற்குப் படுங்கள். இந்தக் கல் கருப்பு கிரானைட்டைவிட தண்ணீரை அதிகம் உறிஞ்சும். ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்துத் துடையுங்கள், அடியில் கருத்துத் தெரிந்தால் சீலர் (கல் உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு) அடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை இதன் மேல் ஊற்றிவிடாதீர்கள், கார்னெட்டிலும் மிச்சமிருக்கும் அப்பிரகத்திலும் உள்ள இரும்பு வெளிவந்து மேடை மஞ்சளாகும், அப்போது மாமியார் சொன்னது உண்மையாகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

மார்பிளா என்று சந்தேகம் இருந்தால், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். மார்பிள் சுண்ணாம்புக்கல் உருமாறி வந்தது, அந்த இடம் பாலிஷ் மங்கிவிடும். உங்களுடையது அப்படியே இருக்கும்.

ஸ்லாபில் புள்ளி பெயர்ந்து குழி விழுந்திருந்தால் மட்டும் போட்டோ எடுத்து, பில்லோடு போய்க் கேளுங்கள்.