வீடு விற்பனை கேள்வி-பதில்: விலை போவது வீடா, மனையா?

கேள்வி: சென்னை நங்கநல்லூரில் ஒரு கிரவுண்ட் மனையில், அரசு ஊழியராக இருந்த என் தந்தை 1988-இல் கடன் வாங்கிக் கட்டிய வீட்டை எட்டு மாதங்களாக விற்க முயன்று வருகிறோம். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். நானும் பெங்களூரில் வசிக்கும் தங்கையும் மட்டுமே வாரிசுகள். எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீடுகள் விற்பனைக்கு நிற்கின்றன; தெருவின் இரு முனைகளிலும் புதிய ஃப்ளாட்டுகள் எழும்பிவிட்டன. ஆறு லட்சம் செலவழித்து டைல்ஸ் மாற்றி, மாடுலர் கிச்சன் போட்டு, வர்ணம் அடித்தால் உடனே விற்றுவிடும் என்கிறார் தரகர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய தனி வீட்டைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் பில்டர்கள். அவர்கள் உங்கள் தரையைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. வாசலில் டேப்பைப் பிடித்துத் தெருவின் அகலத்தையும் மனையின் முகப்பையும் அளந்துவிட்டுப் போவார்கள். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாதாரண அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால், 2,400 சதுர அடி மனையில் தோராயமாக 4,800 சதுர அடி கட்டலாம். அதை அந்த வட்டாரத்து ஃப்ளாட் விலையால் பெருக்கி, கட்டுமானச் செலவையும், தன் லாபத்தையும், விற்று முடியும் வரையிலான வட்டியையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பில்டர் உங்களுக்குத் தரக்கூடிய விலை. விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் உயரக் கட்டுப்பாடு உங்கள் மனைக்கு எப்படி வருகிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்ப்பார். இந்தக் கணக்கில் மாடுலர் கிச்சனுக்கு இடமே இல்லை. கிரயம் முடிந்த அடுத்த மாதம் அது இடிபாட்டோடு லாரியில் ஏறும்.

குடியிருக்க வாங்கும் குடும்பமும் வரும், ஆனால் குறைவாக. அவர்கள் வங்கிக் கடனை நம்பி வருபவர்கள். கடன் 75 லட்சத்தைத் தாண்டினால் சொத்தின் மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் வங்கி தராது. வங்கி அனுப்பும் பொறியாளரோ பழைய கட்டடத்துக்குத் தேய்மானம் கழித்துத்தான் மதிப்புப் போடுவார். ஆகவே மீதத் தொகையும் பத்திரச் செலவும் அவர்கள் கையில் இருந்தாக வேண்டும். இவர்களுக்காகச் செய்ய வேண்டியது மொட்டை மாடிக் கசிவை அடைப்பது, சுவரில் ஓதம் ஏறிய இடத்தைச் சரிசெய்வது, பழைய சாமான்களை அகற்றி அறைகளுக்கு வெளிச்சம் வர விடுவது, இவ்வளவே. ஓதத்தின் மேல் வர்ணம் பூசி மறைத்தால் வாங்க வருபவருடன் வரும் கொத்தனார் அதை விரலால் தட்டியே சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

பணத்தையும் பொழுதையும் செலவிட வேண்டிய இடம் பத்திரக் கட்டு. ஒரே தெருவில் நான்கு வீடுகள் நிற்கும்போது, எவருடைய ஆவணங்களை வாங்குபவரின் வழக்கறிஞர் முதல் வாரத்திலேயே ஒப்புக்கொள்கிறாரோ அவருடைய வீடுதான் முதலில் விற்கும். வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா, பட்டாவும் சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் இன்னும் தந்தை பெயரிலேயே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல், முடிந்தால் மனை வாங்கிய நாளிலிருந்தே, வில்லங்கச் சான்று எடுத்துப் படியுங்கள். அரசு ஊழியர் வீட்டுக் கடனிலோ கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடனிலோ கட்டிய வீடுகளில் அடிக்கடி தென்படும் ஒரு சிக்கல் இங்கேதான் வெளிப்படும்: கடன் அடைந்து இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும், அசல் பத்திரமும் வீட்டுக்கு வந்து பீரோவில் இருக்கும், ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை யாரும் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருக்கமாட்டார்கள். வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும். கடன் கொடுத்த துறையையோ சங்கத்தையோ தேடிப்போய் அந்த ரசீதைப் பெற்றுப் பதிவு செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். வாங்குபவர் அட்வான்ஸோடு வந்து நின்ற பிறகு இதைத் தொடங்கினால் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மாடியில் பிற்காலத்தில் கட்டிய அறை ஏதேனும் இருந்து, அது அனுமதி வரைபடத்தில் இல்லையென்றால், அதையும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, புதிய ஃப்ளாட்டின் சதுர அடி விலையை எடுத்து உங்கள் 2,400-ஆல் பெருக்குவது பலர் செய்யும் தவறு. ஃப்ளாட் வாங்குபவருக்கு அந்தக் கட்டடப் பரப்போடு பிரிபடாத மனைப் பங்காக, அதாவது எல்லா ஃப்ளாட்காரர்களுக்கும் பொதுவான மனையில் தன் பங்காக, கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். இணையதளங்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கும் விலையும் உதவாது. அது விற்காமல் நிற்கும் வீட்டின் விலை. கடந்த ஓராண்டில் உங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் பதிவான கிரயங்களின் விலையை விசாரியுங்கள். செலவையும் ஒப்பிடுங்கள்: உங்கள் வீட்டை வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 9 சதவீதம் கட்ட வேண்டும்; 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான புதிய ஃப்ளாட்டின் முதல் விற்பனையில் இது 7 சதவீதம்தான். ஆனால் கட்டுமானம் முடியாத ஃப்ளாட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, உங்கள் வீட்டுக்குக் கிடையாது. விலை பேசும்போது இதை எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: மற்றவர்களைவிடக் கூடுதல் விலை தர ஒருவர் முன்வந்திருக்கிறார். ஆனால் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வரி மிச்சமாகும் என்கிறாரே?

பதில்: மிச்சமாவது அவருடைய முத்திரைத் தீர்வை. சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. பிடிபட்டால் பெற்ற தொகைக்கு நிகரான அபராதம் பெற்றவர் மீதுதான் விழும், அதாவது உங்கள் மீது.

நேர் வழியில் கட்ட வேண்டிய வரியே பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 2024 ஜூலை 23-க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த சொத்து என்பதால், இந்தியாவில் வசிக்கும் நீங்கள் இருவரும் லாபத்தில் 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்துக்கேற்ப அடக்க விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைக் கட்டலாம். 2001-க்கு முன் வாங்கிய மனைக்கும் கட்டிய வீட்டுக்கும் அடக்க விலையாக, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. லாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டினாலோ, அல்லது ஆறு மாதங்களுக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை முதலீடு செய்தாலோ, அந்த அளவுக்கு வரி விலக்கு கிடைக்கும். கணக்கில் வராத ரொக்கத்தைக் கொண்டு இவற்றில் ஒன்றையும் செய்ய முடியாது. தங்கை தன் பங்கை வங்கி வழியாகக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

கேள்வி: நான்கு தரகர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அது போதுமா? ஒப்பந்தம் எப்படிப் போட வேண்டும்?

பதில்: நான்கு பேர் அதிகம். ஒரே வீடு நான்கு பேர் கையில் நான்கு விலைக்கு விளம்பரமாகும்போது, வாங்குபவர் மிகக் குறைந்த விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். வட்டாரத்தில் பில்டர்களையும் குடும்பங்களையும் அறிந்த ஒருவரிடம், கமிஷன் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் மட்டும் ஒப்படையுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். நீங்களும் தங்கையும் இருவருமே கையெழுத்திட வேண்டும். தங்கையால் வர இயலாவிட்டால் பதிவு செய்த பொது அதிகார ஆவணத்தை இப்போதே தயார் செய்யுங்கள். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு திரும்பும் என்ற ஷரத்தும், காலக்கெடு தாண்டினால் ஒப்பந்தம் ரத்தாகும் முறையும் அதில் தெளிவாக இருக்கட்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால் வாங்குபவர் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்வார். அது உங்கள் இருவரின் பான் எண்களிலும் பங்குக்கேற்பக் கட்டப்பட்டதற்கான சான்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.