கிணத்து மோட்டார் ஏன் உறுமுது? வோல்ட், ஆம்பியர், ஓம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில முப்பது வருசமா மோட்டார் வைண்டிங், அதாவது உள்ள இருக்க செம்புக் கம்பிச் சுருள் வேலை பாக்கேன். வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் பத்திச் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததுக்கு வரிசையா சொல்லுதேன்.

மேலப்பாளையம், பத்தாம் வகுப்பு: அண்ணாச்சி, 230 வோல்ட்டுல 5 ஆம்பியர் ஓடுது. மின்தடை, திறன் எவ்வளவு?

ஓம் விதிப்படி வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா மின்தடை, 46 ஓம். ரெண்டையும் பெருக்கினா திறன், 1150 வாட். ஒரு மணி நேரம் ஓடினா 1.15 யூனிட்டு. தம்பி, வீட்டுல அளந்து பாக்கணும்னு ஆசை வந்தா பெரியவங்க யாரையாவது பக்கத்துல வச்சுக்கோ. மல்டிமீட்டரை ஓம்ஸ்ல, அதாவது தடை அளக்குத இடத்துல வச்சுக்கிட்டு கரண்ட் இருக்க இடத்துல மட்டும் தொடாத.

வீரவநல்லூர்: வெந்நீர் ராடு 1000 வாட். காலையில சீக்கிரம் சுடுது, சாயங்காலம் ரொம்ப நேரம் ஆகுது. ராடு போயிட்டா அண்ணாச்சி?

ராடு நல்லாத்தான் இருக்குக்கா. 230 வோல்ட்டுல அது இழுக்கிறது 4.35 ஆம்பியர், அப்படின்னா அதோட தடை 53 ஓம். சாயங்காலம் உங்க தெருவுல வோல்டேஜ் 180க்கு இறங்குதுன்னு வைங்க. 180ஐ 53ஆல வகுத்தா 3.4 ஆம்பியர். அதை 180ஆல பெருக்குங்க, சுமார் 610 வாட்தான் வரும். வோல்ட் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சதுக்கு சூடு அஞ்சுல ரெண்டு பங்கு போயிருது. அரை மணியில சுட்ட வாளிக்கு முக்கால் மணிக்கு மேல ஆகும். சுவிட்சை அணைச்சு பிளக்கை உருவினப்புறம்தான் தண்ணியில கை வைக்கணும், மறந்துராதீங்க.

களக்காடு: வோல்டேஜ் குறைஞ்சா கரண்ட் கூடும்னு எங்க ஊர் வயர்மேன் சொல்லுதாரு. நீங்க குறையும்ங்கீங்க?

அம்பாசமுத்திரம்: அவரு சொல்லுததுதான் சரி. வாட் மாறாதுல்லா? அப்ப வோல்ட் குறைஞ்சா ஆம்பியர் கூடித்தானே ஆகணும்?

ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுதேன். வாட் மாறாதுன்னு யாரு சொன்னா? ராடுல எழுதியிருக்க 1000ங்கிறது 230 வோல்ட் குடுத்தா வர்ற கணக்கு. ராடுல மாறாம இருக்கது தடைதான். அதனால வோல்ட் குறைஞ்சா கரண்டும் குறையும்.

உங்க வயர்மேன் சொல்லுதது மோட்டாருக்குச் சரி. தண்ணியைத் தூக்குத வேலை அதுக்குக் குறையாதுல்லா? வோல்ட் இறங்கினாலும் அதே பாரத்தை இழுக்கணும். சுத்து கொஞ்சம் தளரும், அதை ஈடுகட்ட கூடுதல் ஆம்பியர் இழுக்கும், வைண்டிங் சூடாகும். லோ வோல்டேஜ்ல மோட்டார் எரியுதது இதனாலதான்.

அம்பாசமுத்திரம், திரும்பவும்: என் மோட்டார் வைண்டிங்கை மீட்டர்ல பாத்தா 3 ஓம்தான். உங்க கணக்குப்படி 76 ஆம்பியர் ஓடணும். 7தான் ஓடுது. அப்ப ஓம் விதி பொய்யா?

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பாத்தேன். மீட்டர் காட்டுதது செம்புக் கம்பியோட தடையை மட்டும். ஏசி கரண்ட் ஓடும்போது சுருளுக்குள்ள காந்தப்புலம் மாறிக்கிட்டே இருக்கும், அது வர்ற வோல்ட்டை எதிர்த்துத் தள்ளும். 76ஐ 7ஆ நிறுத்துதது அந்த எதிர்ப்புத்தான். சுத்தவிடாம ரோட்டரை, அதாவது உள்ள சுத்துத பாகத்தைப் பிடிச்சுக்கிட்டா எதிர்ப்பு குறைஞ்சு கரண்ட் நாலஞ்சு மடங்கு ஏறும். மோட்டார்ல வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா நேரா வாட் வராததும் இதனாலதான், பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்குத்தொகையில எத்தனை பங்கு நிஜ வாட்டுங்கிற எண்) சேத்துப் பெருக்கணும். வைண்டிங்கை அளக்கும்போது மெயினை இறக்கிட்டுத்தானே அளந்தீங்க? ஓம்ஸ்ல வச்சு லைன்ல தொட்டா மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

ராதாபுரம்: 5 எச்பி மூணு ஃபேஸ் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும்?

முழு லோடுல ஏழரை.

பேட்டை: மின்தடை கண்டுபிடிக்கது எப்படி?

முதல் பதிலைப் படிங்க. இதே கேள்வி நாலு பேரு கேட்டாச்சு.

தச்சநல்லூர்: கரண்ட் பில் கூட வந்திருக்கு.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல கேளுங்க.

வள்ளியூர்: பக்கத்துல கூடங்குளம். ஒரு அணு உலையே 1000 மெகாவாட். எங்க வீட்டுல ஏன் லோ வோல்டேஜ்?

அங்கருந்து 400 கிலோவோல்ட்டுல போகுது. மூணு ஃபேஸ் கணக்குல 1000 மெகாவாட்டுக்கு ஒவ்வொரு ஃபேஸ் கம்பியிலயும் சுமார் 1450 ஆம்பியர்தான் ஓடும். நம்ம தெரு மூணு ஃபேஸ் வோல்டேஜ்லயே அனுப்பினா 14 லட்சம் ஆம்பியர் ஆகும், எந்தக் கம்பியும் தாங்காது. உங்க வீட்டு வோல்ட்டைத் தீர்மானிக்குதது உங்க தெரு டிரான்ஸ்பார்மரும் அங்கருந்து வர்ற கம்பியோட நீளமும்தான்.

நாங்குநேரி: வீட்டுலருந்து நூறு மீட்டர்ல கிணறு. 1 எச்பி சிங்கிள் ஃபேஸ், ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர். மோட்டார் உறுமுது, சுத்தல. மோட்டாரைக் கிளப்பிவிடுத கெப்பாசிட்டரை ரெண்டு தடவை மாத்தியாச்சு.

போன ஐப்பசியில இதே மாதிரி ஒரு மோட்டார் என் பட்டறைக்கு வந்துச்சு. கழட்டிப் பாத்தா வைண்டிங் புதுசு மாதிரி, வார்னிஷ்கூடக் கறுக்கல. மேசையில வச்சு கரண்ட் குடுத்தேன், முதல் தட்டுலயே சுத்திருச்சு. உடனே கிணத்துக்குக் கிளம்பிப் போனேன். வீட்டுல 228 வோல்ட். மோட்டார் முனையில மீட்டரை வச்சுக்கிட்டு சுவிட்சைப் போடச் சொன்னேன். 160க்கு விழுந்துச்சு.

கோளாறு வயருல. ஒன்றரை ஸ்கொயர் காப்பருக்கு ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 12 ஓம். போக நூறு, வர நூறு, ஆக இருநூறு மீட்டருக்கு 2.4 ஓம். ஓடும்போது 7 ஆம்பியர்னா 17 வோல்ட் வழியிலேயே போகும். 118 வாட் வயரைச் சுடவைக்கவே செலவாகும். கிளம்பும்போது 30 ஆம்பியர் இழுத்தா 72 வோல்ட் போயிரும். மிச்சம் 158ல மோட்டார் உறுமத்தான் செய்யும். 4 ஸ்கொயர் போட்டா தடை 0.92 ஓம், கிளம்பும்போது 28 வோல்ட்தான் குறையும், சுத்திரும். கெப்பாசிட்டருக்குச் செலவழிச்சதை வயருல போட்டிருக்கலாம்.

நாங்குநேரி: பழைய வயரை என்ன செய்ய அண்ணாச்சி?

உறை வெடிக்காம இருந்தா கிணத்தடி லைட்டுக்குப் போடுங்க. 9 வாட் எல்இடி பத்துல ஒரு பங்கு ஆம்பியர்கூட இழுக்காது. அதே நூறு மீட்டருக்குக் கால் வோல்ட்டுக்குள்ளதான் குறையும்.