மின்நிலையத்து வாசலில் நிற்கும் லாரி

கேள்வி: எனக்கு 54 வயது. சங்ககிரியில் 27 வருடமாக லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். சொந்தமாக இரண்டு வண்டியும் உண்டு. பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன், ‘ஓப்பன்டிடிடி’ என்ற போக்குவரத்துக் கம்பெனி நடத்தும் விளையாட்டை லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். 1950-ல் கடனோடு தொடங்கினேன். சுரங்கத்திலிருந்து வரைபடத்தில் 14 கட்டம் தள்ளியிருந்த மின்நிலையத்துக்கு நிலக்கரி அடிக்க 12 லாரி வாங்கினேன். இரண்டு பக்கமும் ஃபுல் லோடு ஏறினால்தான் வண்டி கிளம்ப வேண்டும் என்று ஆர்டர் போட்டேன். மலைமேல் இருந்த ஓர் ஊருக்குச் சுரங்கப்பாதை குடைந்து நான்கு பஸ் விட்டேன். முதல் ட்ரிப்புக்கு வாடகை வந்தது, அதோடு சரி. லாரிகள் மின்நிலையத்திலேயே நிற்கின்றன. ஹால்டிங் சார்ஜாவது, அதாவது காத்து நிற்பதற்கான காசாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. 1954-க்குள் கம்பெனி திவால். இரண்டாவது முறையும் அதே கதை. “அப்பா, உங்களுக்கு லோடு பிடிக்கத்தான் தெரியும், கம்பெனி நடத்தத் தெரியாது” என்கிறான் மகன். தப்பு விளையாட்டிலா, என்னிடமா?
– சங்ககிரி வாசகர்

பதில்: தப்பு உங்களிடம்தான். 27 வருடத் தொழில் பழக்கத்தை அப்படியே கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டீர்கள். அதில் பாதி அந்த ஊரில் செல்லாது. மீதிப் பாதி நன்றாகவே செல்லும், அது உங்கள் மகனிடம் கிடையாது. எது எந்தப் பாதி என்று பிரிப்பதுதான் வேலை.

முதலில் அந்த ஃபுல் லோடு ஆர்டர். படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி மகாராஷ்டிரா போன வண்டி, அங்கிருந்து வெங்காயமாவது ஏற்றாமல் காலியாகத் திரும்பினால் அந்த ட்ரிப்பே நஷ்டம். ரிட்டன் லோடு கிடைக்கிறவரை இரண்டு நாள் ஆனாலும் வண்டியைப் போட்டு வைப்பீர்கள். அதையே இங்கும் செய்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் விளையாடும் அந்த மிதவெப்ப நிலப்பரப்பில் மின்நிலையம் நிலக்கரியை வாங்கிக்கொள்ளும், திருப்பி எதையும் தராது. உங்கள் லாரியோ நிலக்கரிக்கென்றே செய்த லாரி, வேறு சரக்கு ஏறாது. ஆகவே நிலக்கரியை இறக்கிவிட்டு, நிலக்கரி ஏறட்டும் என்று மின்நிலையத்து வாசலிலேயே நிற்கிறது. யுகம் முடிந்தாலும் ஏறாது. முன்னால் நிற்பவை இடத்தை அடைத்துக்கொள்ள, பின்னால் வந்தவை லோடோடு ரோட்டில் வரிசை கட்டியிருக்கும். ஹால்டிங் சார்ஜ் என்ற பேச்சே அங்கு இல்லை. நின்றாலும் ஓடினாலும் வண்டிக்கான வருடச் செலவு மட்டும் கழிந்துகொண்டே இருக்கும்.

அங்கே காலியாகத் திரும்புவதுதான் வழக்கம். டீசல், டோல்கேட், டிரைவர் பேட்டா என்று தனித்தனியாக எதுவும் இல்லை. போகும் பக்கத்து வாடகையிலேயே திரும்பும் செலவும் அடங்கிவிடும். ஃபுல் லோடு ஆர்டர் சுரங்கத்தில் மட்டும் இருக்கட்டும். அங்கே அது ரொம்ப நல்லது. ஏதாவது ஒரு வண்டி எப்போதும் நின்று ஏற்றிக்கொண்டிருந்தால் அங்கே நீங்கள் கட்டிய லாரி நிலையத்தின் மதிப்பெண் ஏறும். மதிப்பெண் எவ்வளவோ அதற்கேற்பத்தான் சுரங்கம் தன் உற்பத்தியில் உங்களுக்குப் பங்கு தரும். வேகமான வண்டி, புது வண்டி, தேங்காத சரக்கு, இவற்றுக்கும் மதிப்பெண் கூடும்.

அடுத்தது தூரம். 14 கட்டம் என்பது லோக்கல் ட்ரிப். நம்மூரில் லோக்கலுக்கும் ஒரு மரியாதை உண்டு, ஒரே நாளில் நாலு நடை அடிக்கலாம் இல்லையா? விளையாட்டில் சுரங்கம் தரும் சரக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று அளவோடுதான் வரும். வரும் ஒவ்வொரு டன்னுக்கும் எவ்வளவு வாங்குகிறோம் என்பதே கணக்கு. சரக்கின் அளவு, தூரம், எத்தனை நாளில் கொண்டு சேர்த்தோம், இந்த மூன்றையும் வைத்து வாடகை. நாள் என்பது வண்டியில் ஏறிய பிறகு ஆகும் நாள். நிலையத்தில் குவிந்து கிடந்த நாள் சேராது. நிலக்கரி பொறுமைசாலி, கொஞ்சம் தாமதமானாலும் வாடகை பெரிதாகக் குறையாது. ஆகவே 70, 80 கட்டம் தள்ளியிருக்கும் மின்நிலையமாகத் தேடுங்கள். அதே நிலக்கரிக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு வாடகை வரும்.

தூரத்தை அவர்கள் அளக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும், உங்கள் மலை பஸ் அதில்தான் கவிழ்ந்தது. நான் இருப்பது அஸ்தம்பட்டியில். கோரிமேடு தாண்டி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவு சுற்றி ஏற்காடு போகிற வண்டிகளைத் தினமும் பார்க்கிறேன். இங்கே சுற்றுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் வாடகை பேசுவோம். விளையாட்டில், கிளம்பிய நிலையத்துக்கும் சேர்ந்த நிலையத்துக்கும் இடையே வரைபடத்தில் நெட்டுக்கு எத்தனை கட்டம், குறுக்கே எத்தனை கட்டம் என்று கூட்டி, அதற்கு மட்டும் பணம். நீங்கள் மலையைச் சுற்றினாலும் சரி, குடைந்தாலும் சரி, அது உங்கள் பாடு. ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கும். பயணிகளுக்கோ நிலக்கரியின் பொறுமை கிடையாது, நாளாக ஆகக் கட்டணம் சரியும். சுரங்கப்பாதை அங்கே விலை உயர்ந்த பண்டம். கடன் பணத்தில் முதல் வருடமே மலையைக் குடைந்தது, கடை திறப்பதற்கு முன் மாடி கட்டிய கதை. பஸ் விட ஆசையாக இருந்தால் சமவெளியில், ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் இருக்கும் இரண்டு பெரிய ஊர்களைப் பிடியுங்கள்.

இனி நான் சொல்லப்போவது லாரிக்காரருக்குக் கசக்கும். நிலக்கரிக்கு லாரியே வேண்டாம், ரயில் விடுங்கள். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு ஓமலூர் வழியாக நிலக்கரி போகும் கூட்ஸ் ரயிலைப் பார்க்காதவரா நீங்கள்? அந்த லோடை லாரியில் அடிக்கிறேன் என்று எவனாவது உங்கள் ஆபீசுக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். விளையாட்டிலும் அதே நியாயம்தான். நீங்கள் வாங்கிய லாரி மணிக்கு 48 கிலோமீட்டர் போகும், 20 டன் ஏற்றும். ஒரு நிலக்கரி வேகனும் அதே 20 டன். ஓர் எஞ்சினில் எட்டு வேகன் மாட்டினால் எட்டு லாரி லோடு ஒரே நடையில் போய்விடும்.

மகன் இதற்குக் காசு ஏதும் கட்டியிருக்க மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கிய ‘ட்ரான்ஸ்போர்ட் டைக்கூன்’ 1994-ல் வந்தது. அடுத்த வருடம் அதன் மேம்பட்ட பதிப்பு. பழைய வண்டியை போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பார்த்து அதே மாதிரி புதிதாக ஒன்று செய்வார்களே, அப்படி அந்த மேம்பட்ட பதிப்பைப் பிரித்துப் பார்த்து 2004-ல் வந்ததுதான் ஓப்பன்டிடிடி. அன்றிலிருந்து இலவசம்.

முதலில் ஒற்றைத் தண்டவாளம், ஒரே ரயில். அது சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவது ரயில், இரண்டாவது தண்டவாளம், சிக்னல். சிக்னலில்தான் எல்லோரும் கவிழ்வார்கள். நானும் கவிழ்ந்தேன். ஒற்றைப் பாதையில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு டீ போட எழுந்து போனேன். அங்கே ஒரு வருடம் என்பது நம் கணக்கில் கால் மணி நேரத்துக்கும் குறைவு. திரும்பி வந்தபோது அரை வருடமாக இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்து நின்றிருந்தன. உங்களுக்கு ஏற்காட்டுப் பாதையை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். மேலேறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கி வருகிறவர் வளைவுக்கு முன்னாலேயே, அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுக்குள் நின்றால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். ‘பாத் சிக்னல்’ என்று ஒரு வகை இருக்கிறது, ரயில் எங்கே நின்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லையோ அங்கே மட்டும் அதை வையுங்கள். நிலையத்துக்குள் நுழையும் வாய்க்கு முன்னால் ஒன்று. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்குள் கூடவே கூடாது. பழக்கமாகும்வரை ஒருவழி வகையையே வைத்துக்கொள்ளுங்கள்.

லாரிக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. ரயில் ஏற முடியாத மேட்டில் ஒரு சுரங்கம் இருக்கும். அங்கிருந்து கீழே ரயில் நிலையம்வரை லாரி, அதற்கு மேல் ரயில். இதற்கு ‘ட்ரான்ஸ்ஃபர்’ ஆர்டர்: இறக்கிவிட்டு, ஏற்றாமல் காலியாகத் திரும்ப வேண்டும். ஏற்ற விட்டால் இறக்கிய சரக்கையே திருப்பி ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடும். இதில் கணக்குப் பார்க்கிறவரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. லாரி இறக்கியதும் அதன் பெயரில் ஒரு வரவு காட்டும். அது கைக்கு வந்த பணம் இல்லை, பேச்சுக் கணக்கு. ரயில் போய் மின்நிலையத்தில் இறக்கும்போதுதான், லாரி ஏற்றிய முதல் இடத்திலிருந்து தூரத்தை அளந்து முழு வாடகையும் வரும். லாரியின் பங்கைக் கழித்ததுபோக மீதி ரயிலின் பெயரில் நிற்கும். சில சமயம் ரயில் நஷ்டத்தில் ஓடுவதுபோலக்கூடத் தெரியும். அதைப் பார்த்து ரயிலை விற்றுவிடாதீர்கள். புக்கிங் ஆபீஸ் கமிஷனையும் வண்டி வாடகையையும் தனித்தனி நோட்டில் எழுதிப் பழகியவர் நீங்கள், குழம்ப மாட்டீர்கள்.

இங்கிருந்து உங்கள் ராஜ்ஜியம்தான். லாரிக்கு ஆயுள் 15 வருடம். வயதாக ஆக வழியில் நிற்கும், ஒன்று நின்றால் பின்னால் வருபவை எல்லாம் நிற்கும். பாதையோரம் டிப்போ கட்டி ஒழுங்காக சர்வீஸ் விட வேண்டும், காலம் முடியும் முன்னால் மாற்ற வேண்டும். சின்னப் பையன்கள் புது ரூட் போடுகிற ஆசையில் இதைத்தான் மறப்பார்கள். இறக்குமிடத்தில் எத்தனை வண்டி ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, செவ்வாய்ப்பேட்டையில் காலை நேரத்தில் லாரி நிறுத்தி இறக்கியவருக்கு அது கைவந்த கலை. உள்ளூர் நிர்வாகத்தைச் சமாளிப்பதும் அப்படித்தான். மரத்தை வெட்டிச் சாய்த்தால் கோபித்துக்கொண்டு நிலையம் கட்ட அனுமதி தராது, நட்டுக்கொடுத்தால் இளகும். கையூட்டுக்கென்றே ஒரு பொத்தானும் வைத்திருக்கிறார்கள். தொடாதீர்கள், மாட்டினால் இருந்த மதிப்பும் போய்விடும்.

இரண்டு ரயில் லாபத்தில் ஓடட்டும், அப்புறம் சேர்வராயன் மலையையே வரைபடமாக வைத்து விளையாடலாம். மேடு வெளுப்பாகவும் பள்ளம் கருப்பாகவும் இருக்கும் உயர வரைபடப் படத்தைக் கொடுத்தால் விளையாட்டு அதை நிலமாக்கிக்கொள்ளும். படத்தைத் தேடி எடுக்கும் வேலையை மகனிடம் விடுங்கள். நிலையங்களுக்குச் சங்ககிரி, ஓமலூர், லீ பஜார் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

அதெல்லாம் பிறகு. மூன்றாவது கம்பெனி தொடங்கும் முன், பழைய ஆட்டம் சேமிப்பில் இருந்தால் ஒரு தடவை திறந்து, ஏதாவது ஒரு லாரியைத் தட்டி, மின்நிலையத்துக்கு நேராக இருக்கும் ஃபுல் லோடை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மூன்று வருடமாக நின்ற வண்டி அந்த நிமிடமே கிளம்பும்.